இடுப்புக் குளியல், மண் பட்டி, எனிமா மூன்றும் செய்தும் மலச்சிக்கல் தீரவில்லை: எங்கே தவறு?

நொய்யல்கரை (கேள்வி)

வணக்கம். அம்மாவுக்காகக் கேட்கிறேன். வயது 54, ஊர் திருப்பூர். சில மாதங்களாக மலச்சிக்கல். மூன்று நாளைக்கு ஒரு முறை, சில வாரம் நான்கு நாள்கூட ஆகிவிடுகிறது. ஆட்டுப் புழுக்கை மாதிரி உருண்டையாக, முக்கி முக்கித்தான் வெளியேறுகிறது.

பேதி மாத்திரை வேண்டாம், இயற்கை மருத்துவத்தில் சரிசெய்துகொள்ளலாம் என்று அம்மா உறுதியாக இருக்கிறார். தினமும் செய்வதை அப்படியே எழுதுகிறேன். காலை எழுந்ததும் ஒரு லிட்டர் வெந்நீரில் எலுமிச்சையும் தேனும். அது முடிந்த கையோடு இடுப்புக் குளியல், மாடித் தொட்டித் தண்ணீரில் 30 நிமிடம். மாலை 5 மணிக்கு வயிற்றில் மண் பட்டி, ஒரு மணி நேரம். மண், நர்சரியில் மூட்டையாக விற்கும் செம்மண். இரவுச் சாப்பாடு முடிந்ததும் இசப்கோல் இரண்டு ஸ்பூன், அரை டம்ளர் தண்ணீரில் கலந்து. ஒன்று விட்டு ஒரு நாள் எனிமா, ஒரு லிட்டர். மூன்று வாரமாக இப்படித்தான்.

எனிமா எடுத்த அன்று மட்டும் வயிறு காலியாகிறது. மற்ற நாளில் ஒன்றும் இல்லை. வாயு, வயிறு இறுக்கம் இரண்டும் கூடியிருக்கின்றன. குளியல் முடிந்து எழும்போது நடுங்குகிறார்.

மாத்திரைகள்: ஹீமோகுளோபின் 9.4 என்பதால் இரும்புச்சத்து, கூடவே கால்சியம், ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபின் 5. மூன்றையும் காலைச் சாப்பாட்டுக்குப் பிறகு ஒன்றாகப் போட்டுக்கொள்கிறார். சர்க்கரை நோய் இல்லை. மாதவிடாய் நின்று இரண்டு வருடம் ஆகிறது.

எதில் தவறு, எதை விட வேண்டும், எதை எந்த அளவில் வைத்துக்கொள்ள வேண்டும்?

---

கரிசல்மண்

குளியலும் மண் பட்டியும் நல்ல முறைகள்தான். நீங்கள் எழுதியிருக்கும் அளவுகளில் இரண்டுமே பலன் தராது. காரணத்தோடு சொல்கிறேன்.

இடுப்புக் குளியலில் வேலை செய்வது தண்ணீரின் குளிர்ச்சி. குளிர்ச்சி பட்டதும் தோலின் ரத்தக் குழாய்கள் சுருங்கும். எழுந்து துடைத்து நடக்கும்போது திரும்ப விரியும், வயிறும் இடுப்பும் கதகதப்பாகும். அந்தக் கதகதப்பு வந்தால்தான் குளியல் சரியாக நடந்ததாகப் பொருள். நடுக்கம் வந்தால் அளவு மீறியிருக்கிறது. இயற்கை மருத்துவப் பாடத்தில் குளிர்ந்த இடுப்புக் குளியலுக்குச் சொல்லும் வெப்பநிலை 10 முதல் 18 டிகிரி செல்சியஸ், நேரம் 10 முதல் 20 நிமிடம். வீட்டில் புதிதாகத் தொடங்குபவருக்கு, அதுவும் ரத்த அழுத்தம் இருப்பவருக்கு, அது எடுத்த எடுப்பில் கடுமை. 24 டிகிரியில், 5 நிமிடத்தில் ஆரம்பியுங்கள். மூன்று நாளைக்கு ஒரு முறை ஒரு டிகிரி குறைத்து, ஒரு நிமிடம் கூட்டி, 18 டிகிரி, 11 நிமிடம் வரை வந்தால் போதும். அதற்குக் கீழே போக வேண்டாம்.

கையை விட்டுப் பார்த்துக் குளிர்ச்சியை மதிப்பிடாதீர்கள். மீன் தொட்டிக்கு விற்கும் சின்ன தர்மாமீட்டர் போதும். மாடித் தொட்டித் தண்ணீர் அதிகாலையில் 25, 27 டிகிரி இருக்கும். வெயில் காலத்தில் மாலை நேரத்தில் 35ஐத் தாண்டிவிடும். அந்தத் தண்ணீரில் உட்கார்ந்தால் அது குளிர் குளியலே இல்லை. கணக்கு இதுதான்: 25 லிட்டர் தண்ணீர் 27 டிகிரியில் இருந்தால், ஒரு கிலோ ஐஸ் போட்டால் ஏறத்தாழ 23க்கு வரும், இரண்டு கிலோ போட்டால் 19க்கு வரும். ஐஸ் முழுதும் கரைந்து, கலக்கிய பிறகு அளந்து பாருங்கள். ஐஸ் கட்டி மிதக்கும்போது உள்ளே உட்காரக் கூடாது.

தொட்டியில் தண்ணீர் தொப்புள் வரை வர வேண்டும். கால்கள் தொட்டிக்கு வெளியே, ஒரு மணைக்கட்டை மேல், ஈரம் படாமல் இருக்க வேண்டும். காலும் நனைந்தால் உடம்பு முழுக்கக் குளிர்ந்துபோகும், நடுக்கத்துக்கு அதுவே முக்கால் காரணம். தோளில் ஒரு துண்டு போர்த்திக்கொள்ளட்டும். உட்கார்ந்திருக்கும் நேரம் முழுக்கச் சொரசொரப்பான துண்டால் அடிவயிற்றை வலமிருந்து இடமாக மெதுவாகத் தேய்த்துக்கொண்டே இருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பதும் பலன் குறையக் காரணம். முதுகு சாய்ந்த இடுப்புக் குளியல் தொட்டி இல்லையென்றால், துணி ஊறவைக்கும் அகலமான பிளாஸ்டிக் டப்பைச் சுவரோரமாகப் போட்டு, சுவருக்கு ஒரு தலையணை கொடுத்துச் சாய்ந்துகொள்ளலாம்.

ஒரு லிட்டர் தண்ணீர் குடித்த கையோடு உட்காரக் கூடாது. ஒரு டம்ளர் குடித்து அரை மணி கழித்து உட்காரலாம். சாப்பாட்டுக்குப் பிறகென்றால் மூன்று மணி நேரம் இடைவெளி. எழுந்ததும் ஈரம் போகத் துடைத்து, 15 நிமிடம் விறுவிறுவென நடக்க வேண்டும். காய்ச்சல், சிறுநீர்க் கடுப்பு, அடிவயிற்றில் கடும் வலி, இடுப்பிலிருந்து காலுக்கு இறங்கும் நரம்பு வலி இருக்கும் நாளில் வேண்டாம். குளிர்ந்த தண்ணீர் ரத்த அழுத்தத்தை ஏற்றும். அம்மாவின் அளவு 160/100ஐத் தாண்டியிருக்கும் நாளிலும் வேண்டாம். இதய நோய் இருந்தால் மருத்துவர் முன்னிலையில் தவிர இந்தப் பக்கமே வர வேண்டாம்.

இந்தக் குளியலைப் பரவலாக்கியவர் ஜெர்மனியின் லைப்சிக் நகரத்தில் 1883இல் சிகிச்சை நிலையம் தொடங்கிய லூயி கூனே. காந்தி தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே இதைப் பின்பற்றினார். 1946இல் புனே பக்கத்திலுள்ள உருளிகாஞ்சனில் ஊர் மக்களுக்கு வைத்தியம் பார்த்தபோதும் இடுப்புக் குளியலும் எளிய உணவும்தான் அவர் கொடுத்தவை. எல்லா நோய்க்கும் ஒரே காரணம் என்ற கூனேயின் கொள்கையை நான் ஏற்கவில்லை. ஆனால் மந்தமான குடலுக்கு, உணவு மாற்றத்தோடு சேர்த்து, இந்தக் குளியல் துணை செய்யும்.

மண் பட்டிக்கு வருவோம். நர்சரி மண்ணை இன்றே நிறுத்துங்கள். அதில் தொழுவுரம், மண்புழு உரம், சில சமயம் பூச்சிமருந்தும் கலந்திருக்கும். தேவையானது, உரம் படாத நிலத்தில் மூன்று, நான்கு அடி ஆழத்தில் எடுத்த களிமண் அல்லது புற்று மண். கல், வேர் நீக்கி, இடித்துச் சலித்து, இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில் பரப்பிக் காயவைக்க வேண்டும். மண்ணில் கொக்கிப் புழுவின் இளம்புழுக்கள் இருக்கலாம். வெயிலில் நன்றாகக் காய்ந்தால் அவை சாகும். டெட்டனஸ் கிருமியின் வித்து வெயிலுக்குச் சாகாது என்பதால் புண், கீறல், தையல் இருக்கும் தோலில் மண் படவே கூடாது.

முதல் நாள் இரவே கொதித்து ஆறிய தண்ணீரில் ஊறவையுங்கள். காலையில் குழைத்தால் சப்பாத்தி மாவை விடச் சற்றுத் தளர்வாக, கையிலிருந்து ஒழுகாமல் இருக்க வேண்டும். நனைத்துப் பிழிந்த மெல்லிய பருத்தித் துணியில் 10 அங்குல நீளம், 6 அங்குல அகலம், ஒரு அங்குலக் கனத்துக்குப் பரப்பி மடித்து, தொப்புளுக்குக் கீழே அடிவயிறு முழுக்கப் படும்படி வைக்கலாம். 20 முதல் 30 நிமிடம் போதும். அதற்கு மேல் மண்ணே உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகிவிடும், வைத்திருப்பதில் பயன் இல்லை. வெறும் வயிற்றில்தான் வைக்க வேண்டும். மண் நச்சை உறிஞ்சுகிறது என்று சொல்வார்கள். அதற்கு ஆதாரம் இல்லை. களிமண் ஈரத்தை நெடுநேரம் பிடித்துவைப்பதால் ஒரே சீராகக் குளிர்ச்சி கொடுக்கிறது, அரை மணி நேரம் அசையாமல் படுக்கவும் வைக்கிறது.

நல்ல மண் கிடைக்கவில்லையென்றால் விட்டுவிட்டு ஈரத்துணிப் பட்டி போடுங்கள். ஒரு சாண் அகலத்தில் மூன்று முழம் பருத்தித் துணி, பழைய வேட்டி போதும். குளிர்ந்த நீரில் நனைத்துச் சொட்டாமல் பிழிந்து, விலா எலும்புக்குக் கீழிருந்து இடுப்பு வரை சுற்ற வேண்டும். அதன் மேல் ஈரம் வெளியே தெரியாதபடி உலர்ந்த கம்பளித் துணியோ தடித்த துண்டோ இறுக்கமாக. 15, 20 நிமிடத்தில் உள்ளே கதகதப்பு வர வேண்டும். வந்தால் ஒரு மணி நேரம் வைத்திருக்கலாம். சில்லென்றே இருந்தால் பிழிந்தது போதவில்லை, அல்லது மேல்துணி தளர்ந்திருக்கிறது. அவிழ்த்துவிடுங்கள்.

---

மருந்துச்சீட்டு

கரிசல்மண் சொன்ன முறையில் குறை இல்லை. ஆனால் குளியலைத் திருத்துவதற்கு முன் பார்க்க வேண்டியது ஒன்று இருக்கிறது.

54 வயது. மாதவிடாய் நின்றுவிட்டது. ஹீமோகுளோபின் 9.4. குடல் பழக்கம் சமீபத்தில் மாறியிருக்கிறது. இந்த நான்கும் ஒரே ஆளிடம் சேர்ந்து இருந்தால் முதல் கேள்வி, ரத்தம் எங்கே போகிறது என்பதுதான். மாதவிடாய் வரும் வயதில் ரத்தசோகைக்குக் காரணம் பெரும்பாலும் கண்முன்னே இருக்கும். அது நின்ற பிறகு இரும்புச்சத்து குறைந்தால் வயிறு, குடல் வழியாக மெதுவாகக் கசிகிறதா என்று தேடியே ஆக வேண்டும். இரைப்பைப் புண், கொக்கிப் புழு, குடலில் சதை வளர்ச்சி, புற்றுநோய் எல்லாமே அந்தப் பட்டியலில் உண்டு. பயமுறுத்தச் சொல்லவில்லை, பெரும்பாலானவை நேரத்தோடு பார்த்தால் தீரக்கூடியவை.

இரண்டு தகவல் சொல்லுங்கள். ஃபெரிட்டின் (உடம்பின் இரும்புக் கையிருப்பைக் காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்தார்களா, எவ்வளவு? சிக்கல் முதலில் வந்ததா, இரும்பு மாத்திரை முதலில் வந்ததா?

மாத்திரைகள் பற்றி. இரும்பு, கால்சியம் இரண்டுமே மலத்தை இறுக்கும். அம்லோடிபினும் சிலருக்குக் குடலை மந்தமாக்கும். இரும்பையும் கால்சியத்தையும் ஒரே நேரத்தில் போட்டால் இரும்பு சரியாக உடம்பில் சேராது: சிக்கல் மட்டும் மிஞ்சும், ஹீமோகுளோபின் ஏறாது. இரும்பு மாத்திரையைச் சாப்பாட்டுக்கு ஒரு மணி நேரம் முன்னால் நெல்லிக்காய்ச் சாறோ எலுமிச்சைச் சாறோ சேர்த்துப் போடலாம். வயிற்றைப் புரட்டினால் கொஞ்சம் உணவோடு. அதற்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் காபி, டீ வேண்டாம். கால்சியம் மதியமோ இரவோ சாப்பாட்டோடு. இரும்பை ஒரு நாள் விட்டு ஒரு நாள் எடுத்தால் உடம்பு அதிக விகிதத்தில் உறிஞ்சுகிறது என்று ஆய்வுகள் வந்திருக்கின்றன, வயிற்றுத் தொந்தரவும் குறையும். அப்படி மாற்றலாமா, வேறு வகை இரும்பு தரலாமா என்று எழுதிக்கொடுத்த மருத்துவரிடம் கேளுங்கள். நீங்களாக நிறுத்த வேண்டாம்.

இரும்பு மாத்திரையால் மலம் கரும்பச்சையாகவோ கருப்பாகவோ வரும், அது இயல்பு. தார் போலப் பிசுபிசுத்து, கடும் நாற்றத்தோடு வந்தால் அது மேல்குடலில் கசியும் ரத்தம்.

இன்னொன்று: அக்கம்பக்கத்தில் "இயற்கைப் பொடி" என்று யாராவது கொடுத்தால் லேபிளைப் படியுங்கள். பெரும்பாலானவற்றில் நிலாவரை இருக்கும். அது குடலைத் தூண்டி 6 முதல் 12 மணி நேரத்தில் பேதியாக்கும் சரக்கு, கடையில் விற்கும் பேதி மாத்திரைகள் பலவற்றிலும் அதே பொருள்தான். எப்போதாவது ஒரு நாள் என்றால் சரி. மாதக்கணக்கில் தினமும் என்றால் வயிற்றுக் கடுப்பு, பொட்டாசியம் குறைதல் எல்லாம் வரும். விளக்கெண்ணெயும் வாரா வாரம் எடுக்கும் பொருள் அல்ல.

---

நொய்யல்கரை

சீட்டை எடுத்துப் பார்த்தேன். ஃபெரிட்டின் 8. தைராய்டுக்கான டிஎஸ்எச் பரிசோதனை எடுக்கவே இல்லை. இரும்பு மாத்திரை முதலில். சிக்கல் அதற்கு இரண்டு வாரம் கழித்து. மலத்தில் ரத்தம் பார்த்ததாக அம்மா சொல்லவில்லை. எடை குறையவில்லை. அப்படியென்றால் மாத்திரைதான் காரணம் என்று எடுத்துக்கொள்ளலாமா?

---

மருந்துச்சீட்டு

சிக்கலுக்கு மாத்திரை காரணமாக இருக்கலாம், வரிசை பொருந்துகிறது. ஆனால் மாத்திரை ஏன் வந்தது? ஃபெரிட்டின் 8 என்றால் இரும்புக் கையிருப்பு தீர்ந்துவிட்டது. அதற்குக் காரணம் இன்னும் தெரியவில்லை. குடல் இரைப்பை மருத்துவரைப் பாருங்கள். இந்த வயதில், இந்த நிலையில் மேலே எண்டோஸ்கோப்பி, கீழே கொலோனோஸ்கோப்பி (கேமராக் குழாயால் உள்ளே பார்ப்பது) இரண்டும் செய்யச் சொல்வது வழக்கம். மலத்தில் மறைந்திருக்கும் ரத்தத்துக்கான பரிசோதனையில் இல்லை என்று வந்தாலும் அதோடு விட்டுவிடாதீர்கள். கசிவு விட்டு விட்டு நடக்கும், அந்தப் பரிசோதனை தவறவிடும். டிஎஸ்எச்சையும் சேர்த்துப் பாருங்கள். தைராய்டு குறைவாகச் சுரந்தால் மலச்சிக்கல், ரத்தசோகை இரண்டுமே வரும்.

வயிறு உப்பி, வாந்தியும் வந்து, வாயுகூடப் பிரியாமல் நின்றால் அது குடல் அடைப்பு. அன்றைக்குக் குளியலும் எனிமாவும் கிடையாது, நேராக அவசரப் பிரிவு.

---

கம்பங்கூழ்

சாப்பாட்டைப் பற்றி யாரும் இன்னும் எழுதவில்லை. பட்டி, குளியல் எல்லாவற்றையும் விட மலத்தை மாற்றுவது தட்டில் இருப்பதுதான்.

ஒரு நாளைக்கு 25 முதல் 30 கிராம் நார்ச்சத்து வேண்டும். காலை இட்லி, மதியம் வெள்ளைச் சோறு, ரசம், இரவு தோசை என்று போனால் பத்துப் பதினைந்து கிராம் தாண்டாது. சமைத்த வெள்ளைச் சோறு ஒரு கப்பில் ஒரு கிராம்கூட இருக்காது. வேகவைத்த பச்சைப்பயறு ஒரு கப்பில் 15 கிராம். கொண்டைக்கடலை 12 கிராம். நடுத்தரக் கொய்யா ஒன்றில் 5 கிராமுக்கு மேல். வாழைப்பழம் ஒன்றில் 3 கிராம். ஒரு வேளை கம்போ ராகியோ, மதியம் ஒரு கப் கீரைக் கூட்டு, தினமும் ஒரு கப் முழுப்பயறு, இரண்டு பழம் என்று வந்தாலே கணக்கு நிறைந்துவிடும். கொய்யாவைக் கொட்டையோடு, தோலோடு சாப்பிட வேண்டும். ஜூஸ் போட்டு வடிகட்டினால் வேண்டியதைக் கொட்டிவிட்டுச் சர்க்கரையைக் குடிக்கிறோம்.

ஒரே நாளில் ஏற்றாதீர்கள். வாரத்துக்கு 5 கிராம் வீதம் கூட்டுங்கள். திடீரென்று கூட்டினால் பெருங்குடல் நுண்ணுயிர்கள் அதை நொதிக்கவைத்து வாயுவாக்கும். அம்மாவுக்கு இப்போது இருக்கும் உப்புசத்துக்கு இசப்கோலை எடுத்தவுடனே முழு அளவில் தொடங்கியதும் ஒரு காரணமாக இருக்கலாம்.

அரை டம்ளர் தண்ணீரில் இரண்டு ஸ்பூன் இசப்கோல் தவறான முறை. அது தன் எடையைப் போலப் பல மடங்கு நீரை உறிஞ்சி வீங்கும்; தண்ணீர் போதாவிட்டால் குடலில் பசையாக நின்றுவிடும், சில சமயம் தொண்டையிலேயே அடைக்கும். ஒரு டீஸ்பூனில் தொடங்குங்கள். 250 மில்லி தண்ணீரில் கலந்து, கெட்டியாவதற்குள் உடனே குடித்து, மேலே இன்னொரு டம்ளர் தண்ணீர். குடித்ததும் படுக்கக் கூடாது, அதனால் இரவுச் சாப்பாட்டுக்கு முன்போ மாலை 6 மணிக்கோ வைத்துக்கொள்ளுங்கள். மாத்திரைகளுக்கும் அதற்கும் இரண்டு மணி நேர இடைவெளி. வேலை தெரிய இரண்டு மூன்று நாள் ஆகும். மருத்துவர் வயிற்றைத் தொட்டுப் பார்த்து, மலம் கட்டி அடைத்திருக்கிறது என்று சொன்னால் அதை எடுக்கும் வரை இசப்கோல் கூடாது. அடைப்புக்குப் பின்னால் மேலும் சேர்க்கும்.

தண்ணீர் நாள் முழுக்கப் பரவலாக இரண்டு, இரண்டரை லிட்டர். காலையில் ஒரே மூச்சில் ஒரு லிட்டர் குடித்தால் அதில் பெரும்பகுதி சிறுநீராகப் போகும், மலத்துக்கு வராது.

பிறகு, உட்காரும் நேரம். சாப்பிட்டதும் பெருங்குடல் தானாக அசையும்; காலையில் அது அதிகம். காலைச் சாப்பாடு முடிந்து 20 முதல் 30 நிமிடத்தில், வந்தாலும் வராவிட்டாலும், தினமும் அதே நேரத்தில் கழிப்பறைக்குப் போகட்டும். பத்து நிமிடம், அதற்கு மேல் இல்லை. மேற்கத்தியக் கழிப்பறையென்றால் காலுக்கடியில் 7, 8 அங்குல உயர ஸ்டூல், முன்னால் குனிந்து முழங்கை முழங்காலில். குத்தவைத்து உட்காரும்போது மலக்குடலைச் சுற்றிப் பிடித்திருக்கும் தசை தளர்ந்து பாதை நேராகிறது. மூச்சடக்கி முக்கக் கூடாது, மூலமும் ஆசனவாய்ப் பிளவும் அதில்தான் வருகின்றன. வாயைத் திறந்து மெதுவாக மூச்சு விட்டபடி அடிவயிற்றைத் தள்ளினால் போதும். எவ்வளவு மெத்தென்று இருந்தாலும் விரல் விட்டால்தான் வருகிறது என்றால் அது உணவுக் குறை இல்லை, இடுப்புத் தளத் தசை ஒத்துழைக்காத கோளாறு. அதற்குத் தனிப் பயிற்சி உண்டு, மருத்துவரிடம் சொல்ல வெட்கப்பட வேண்டாம்.

படுக்கும் முன் பத்து நிமிடம் வயிறு நீவல்: வலது அடிவயிற்றில் தொடங்கி விலாவரை மேலே, அங்கிருந்து குறுக்கே இடப்பக்கம், பிறகு கீழே. பெருங்குடல் போகும் திசை அது. திருப்பி நீவினால் பயன் இல்லை.

---

அருவிச்சாரல்

எனிமாவை எல்லோரும் ஒதுக்குகிறீர்கள். இயற்கை மருத்துவத்தில் முதல் படியே குடல் சுத்தம்தான். வெறும் தண்ணீர்தானே, தினமும் எடுத்தாலும் ஒன்றும் ஆகாது. அதோடு காலையில் சுரைக்காய்ச் சாறு 200 மில்லி கொடுங்கள், குடல் கழிவு இறங்கும்.

---

கரிசல்மண்

எனிமா இயற்கை மருத்துவத்தில் உண்டு, மறுக்கவில்லை. உண்ணாவிரதம் தொடங்கும்போது, காய்ச்சலில், கட்டிப்போன மலத்தை இறக்க என்று ஓரிரு நாள் பயன்படுத்துவது அது. தினசரிப் பழக்கம் ஆக்குவதற்குக் கண்டுபிடித்தது இல்லை. வெறும் தண்ணீரைத் திரும்பத் திரும்பக் குடலுக்குள் விட்டால் அதில் ஒரு பங்கு உறிஞ்சப்பட்டு ரத்தத்தில் சோடியம் குறையும். வயதானவர்களுக்கும், நீர் பிரிய மாத்திரை எடுப்பவர்களுக்கும் இது மயக்கம் வரை போகும். காபி எனிமாவால் உயிர் போயிருக்கிறது. எலுமிச்சைச் சாறு கலப்பது குடல் சவ்வைப் புண்ணாக்கும்.

நொய்யல்கரை கேட்ட "எனிமா இல்லாத நாளில் ஒன்றும் வரவில்லை" என்பதற்கும் விடை இங்கேதான். ஒரு லிட்டர் விட்டுப் பெருங்குடலின் கீழ்ப்பகுதியைக் காலி செய்தால் அது திரும்ப நிறைய இரண்டு மூன்று நாள் ஆகும். அதற்குள் மலம் வராதது சிக்கல் இல்லை, உள்ளே ஒன்றும் இல்லை. வரவில்லை என்று பயந்து மறுபடி எனிமா, மறுபடி காலி. இந்தச் சுற்றை உடைக்க ஒரு வாரம் எனிமா எடுக்காமல் இருக்க வேண்டும். நடுவில் நான்கு நாள் வராவிட்டாலும் வயிறு உப்பாமல், வாந்தி இல்லாமல், வாயு பிரிந்துகொண்டிருந்தால் காத்திருக்கலாம்.

என்றாவது தேவைப்பட்டால், மருத்துவர் சரி என்று சொன்ன பிறகு: 37 டிகிரி தண்ணீர், முன்கையில் ஊற்றினால் சூடோ குளிரோ தெரியாத பதம். 500 மில்லிக்கு மேல் வேண்டாம். இடப்பக்கம் ஒருக்களித்துப் படுத்து வலது முழங்காலை மடக்க வேண்டும். குழாயில் உள்ள காற்றைத் தண்ணீர் ஓடவிட்டு வெளியேற்றிவிட்டு, முனையில் தேங்காய் எண்ணெய் தடவி, இரண்டு மூன்று அங்குலம் மட்டும். தடுத்தால் தள்ளக் கூடாது. டப்பா படுக்கையிலிருந்து இரண்டு அடி உயரம். அதற்கு மேல் தூக்கினால் வேகம் கூடிச் சுருட்டி வலிக்கும். வலித்தால் குழாயைக் கிள்ளி நிறுத்தி, மூச்சு விட்டுக் காத்திருந்து தொடரலாம். ஐந்து நிமிடம் அடக்கினால் போதும். காரணம் தெரியாத வயிற்று வலி, ரத்தம் போதல், கர்ப்பம், சிறுநீரக அல்லது இதயக் கோளாறு இருந்தால் கிடையாது.

சுரைக்காய்ச் சாறு பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும். சில சுரைக்காய் கசக்கும். அந்தக் கசப்பு குக்கர்பிட்டாசின் என்ற நச்சு. அந்தச் சாற்றைக் குடித்தவர்கள் ரத்த வாந்தி எடுத்து, ரத்த அழுத்தம் சரிந்து இறந்த சம்பவங்கள் இந்தியாவில் நடந்திருக்கின்றன. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் வல்லுநர் குழு போட்டு எச்சரிக்கையும் கொடுத்தது. குடிப்பதற்கு முன் ஒரு சின்னத் துண்டை நாக்கில் வைத்துப் பாருங்கள். கசந்தால் தூக்கிப்போடுங்கள், மருந்துக் கசப்பு என்று மூக்கைப் பிடித்து விழுங்காதீர்கள். சாறு வேண்டுமென்றால் வெண்பூசணி 200 மில்லி, அதையும் நாக்கில் வைத்துப் பார்த்த பிறகு. சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு எந்தக் காய்ச் சாறும் மருத்துவரைக் கேட்டுத்தான், பொட்டாசியம் ஏறிவிடும்.

நேரில் காட்ட வேண்டுமென்றால் பிஎன்ஒய்எஸ் (இயற்கை மருத்துவம், யோகா) படித்தவரைப் பாருங்கள். ஐந்தரை வருடப் பட்டப் படிப்பு அது. சென்னை அரும்பாக்கத்தில் 2000ஆம் ஆண்டு முதல் அரசு யோகா, இயற்கை மருத்துவக் கல்லூரி இயங்குகிறது. மாவட்டங்களில் பல அரசு மருத்துவமனைகளிலும் யோகா, இயற்கை மருத்துவப் பிரிவு இருக்கிறது. பல இடங்களில் தொட்டி, மண் பட்டி வசதியும் உண்டு. ஒரு வார வகுப்பு முடித்துப் பலகை மாட்டியவர்களிடம் எனிமாவுக்குப் படுக்காதீர்கள்.

---

நொய்யல்கரை

எனிமாவை நிறுத்திவிட்டோம். இரும்பு, கால்சியம் நேரங்களைப் பிரித்தாகிவிட்டது. அடுத்த வாரம் குடல் மருத்துவரிடம் முன்பதிவு. கொலோனோஸ்கோப்பி என்று நாள் குறித்தால் அதுவரை குளியல், இசப்கோல், கீரை எல்லாம் தொடரலாமா? வயிறு சுத்தமாக இருக்க வேண்டும் என்பார்களே, அதற்கு வீட்டு எனிமா போதுமா?

---

மருந்துச்சீட்டு

போதாது. எனிமா பெருங்குடலின் கடைசிப் பகுதியைத்தான் கழுவும். வலப்பக்கக் குடல் வரை சுத்தமாக அவர்கள் கொடுக்கும் மருந்துக் கரைசலைத்தான் சொன்ன அளவில், சொன்ன நேரத்தில் குடிக்க வேண்டும். ரத்தசோகைக்குக் காரணமான பெருங்குடல் கசிவு பல சமயம் ஒளிந்திருப்பது அந்த வலப்பக்கத்தில்தான்.

இரும்பு மாத்திரையைச் சோதனைக்கு 5 முதல் 7 நாள் முன்பே நிறுத்தச் சொல்வார்கள். அது மலத்தைக் கருப்பாக்கிக் குடல் சுவரில் ஒட்டவைத்துவிடும், உள்ளே பார்க்க முடியாது. நாள் குறிக்கும்போதே இரும்பு எடுக்கிறார் என்பதை வாய்விட்டுச் சொல்லுங்கள், அவர்கள் கேட்க மறந்தாலும். இசப்கோலையும் அதே சமயத்தில் நிறுத்துங்கள். கடைசி மூன்று நாள் கீரை, முழுப்பயறு, கொய்யா, தக்காளி விதை எதுவும் வேண்டாம். இந்த மூன்று நாளைக்கு மட்டும் வெள்ளைச் சோறும் இட்லியும் இடியாப்பமும்தான் சரி. ரத்த அழுத்த மாத்திரையை அன்று காலையும் ஒரு மிடறு தண்ணீரில் போடலாமா என்று கேட்டு எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்.

கரைசல் குடிக்கும் நாளில் இடுப்புக் குளியல் வேண்டாம். பத்துப் பன்னிரண்டு முறை போய்வந்த பிறகு அழுத்தம் இறங்கியிருக்கும், குளிர்ந்த தண்ணீரிலிருந்து எழுந்தால் தலை சுற்றி விழுவார். சோதனை முடிந்து, சதை ஏதும் எடுக்கவில்லை என்று உறுதியானால் மறுநாளிலிருந்து இசப்கோல் ஒரு டீஸ்பூன், நாலாம் நாள் குளியல், 24 டிகிரியிலிருந்து மறுபடி. எடுத்திருந்தால் மருத்துவர் சொல்லும் நாள் வரை எனிமாவும் வயிறு நீவலும் கூடாது.